இன்னும் இறங்காத நாற்பது பேர்

சொட்டு, அம்மா எழுதுகிறேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது அந்த நர்சம்மா, "இன்னாமா இது, ஒரு சொட்டுதான் கீறான்" என்று சிரித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர். பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டால் நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் தெரியும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி செல்விதான் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். நடுநடுவே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறாள். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்கிறாள். நானும் சரி என்கிறேன்.

விஷயம் இதுதான். நீ போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. சித்திரையில் திதி கொடுத்தாயிற்று. ஊருக்குத் தெரியும், சொந்தக்காரர்களுக்குத் தெரியும், ரேஷன் கார்டிலிருந்தும் உன் பேரை எடுத்துவிட்டார்கள். தெரியாதவர்கள் உன் பஸ்ஸில் இருந்த அந்த நாற்பது பேர்தான். போனில் நீ ஓட்டி லைவாகக் காட்டின அந்த பஸ் விளையாட்டைப் பார்க்க தினமும் வருவார்களே, அவர்கள். உனக்கு இன்னும் நெட்டு கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உன் லைவ் பக்கத்தில் அவர்கள் எழுதுவதை செல்வி எனக்குப் படித்துக் காட்டுவாள். "அண்ணா, இன்னுமா பஞ்சர் ஒட்டுற?" "அண்ணா, டீக்கடைக்காரரே கடைய மூடிட்டாரு, எப்ப வண்டிய எடுப்ப?" "அண்ணா, பொங்கலுக்காவது ஊர் போய்ச் சேருவோமா?" அண்ணா அண்ணா என்று ஒவ்வொன்றும். நாம் சொல்லிவிடலாம்மா என்று செல்வி எத்தனையோ தடவை கேட்டாள். நான்தான் விடவில்லை. ஊரில் எல்லாருக்கும் நீ செத்துப்போனவன். அவர்களுக்கு மட்டும்தான் நீ தாமதமாக வருகிறவன். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஆவணியில் செல்விக்குக் கல்யாணம், வாலாஜாபாத்துக்குப் போகப் போகிறாள். அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறக்கவும் படித்துச் சொல்லவும் இந்த வீட்டில் ஆள் இல்லை. உன் நைனா போனைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். அவள் போவதற்குள் சொல்லியாக வேண்டும். சொல்வதென்றால் நான் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். நடந்ததில் என் பங்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரகடத்துக் கம்பெனியில் காண்டிராக்ட் முடிந்து, இனிமேல் கூப்பிட்டால் வா என்று அனுப்பிவிட்ட பிறகு நீ வீட்டுக்கு வந்தாய். முதலில் எல்லாப் பையன்களையும் போலத் துப்பாக்கி விளையாட்டுதான். நம் தெருவில் சிக்னல் ஒரு கோடு வரும், அதுவும் மேகம் மூடினால் போய்விடும். நீ குறி பார்த்துச் சுடுவதற்குள் எவனாவது உன்னைச் சுட்டுவிட்டுப் போயிருப்பான். செத்தது கூட உனக்கு அரை நிமிஷம் கழித்துத்தான் தெரியும். நைனா அதை வைத்து உன்னை ஒரு மாதம் ஓட்டினார். "ஏமே, உன் புள்ள செத்துட்டானாம், அவனுக்கு இன்னும் தபால் வரல" என்பார். நான் அதற்குச் சிரித்தேன் சொட்டு. இப்போது செல்வி இதை எழுதட்டுமா வேண்டாமா என்று என்னைப் பார்க்கிறாள். எழுது என்றேன்.

அப்புறம் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். நெட்டே இல்லாமல் போனுக்குள்ளேயே ஓடுகிற விளையாட்டாகப் பார்த்துப் பிடித்தாய். பஸ் ஓட்டுகிற விளையாட்டு. விளையாட்டுக்கு நெட்டு வேண்டாம் என்பதால், கிடைக்கிற கொஞ்சநஞ்ச நெட்டும் லைவுக்கே போகும் என்று எனக்கு விளக்கம் சொன்னாய். "எம்மா, கெணத்துல கால் அடி தண்ணி கீது. தோட்டத்துக்கும் வூட்டுக்கும் சேத்து எறைச்சா ரெண்டுக்கும் பத்தாது. ஒண்ணுக்கு மட்டும் எறைக்கிறேன்" என்றாய். அது எனக்குப் புரிந்தது. நாம் உழுகிற நிலத்தின் பம்பு செட்டு ரூமுக்கு மேலே, அந்தத் தளத்தில் உட்கார்ந்தால் சாலவாக்கம் பக்கத்து டவர் நேராக இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் நீதான். சாயங்காலம் ஆனால் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து போனைத் திறப்பார்கள், டவர் திணறும். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் ஆள் இருக்காது. அதனால் மத்தியானம்தான் உன் பஸ் கிளம்பும். வெயிலில் போனில் படம் தெரியாது என்று, நெல் மூடுகிற நீலத் தார்ப்பாயை நாலு செங்கல் வைத்துக் கூடாரம் மாதிரி கட்டிக்கொண்டு அதற்குள் நுழைந்துகொள்வாய்.

படம் நன்றாகவே வராது. பார்க்கிறவர்களுக்கு நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமாம். அதனால் உனக்கு சுத்தல் அண்ணா என்று பேர் வைத்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு விட்டிருப்பான். நீ படம் வராததற்கும் சேர்த்து வாயால் ஓட்டினாய். விளையாட்டில் வருவது எந்த தேசத்து ரோடோ, பனி மலையும் பைன் மரமும். நீ அதை நம் ஊர் ரோடாக ஆக்கிவிட்டாய். "மானாம்பதி கூட்ரோடு எறங்கறவங்க முன்னால வாங்க. அக்கா, கூடைய கால் நடுவுல வைக்காத, ஆளுங்க தடுக்கி வுழறாங்க. யாருப்பா அது படியில தொங்கறது, உள்ள வா, உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது." இப்படியே ரெண்டு மணி நேரம். நீயே டிரைவர், நீயே கண்டக்டர். நெட்டு நின்று படம் உறைந்துவிட்டால், "பஞ்சருப்பா. எல்லாரும் எறங்கி ஒரு டீ குடிங்க, ஒட்டிட்டு விசில் அடிக்கிறேன்" என்பாய். அவர்களும் டீ டம்ளர் படமாகப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். திரும்பி வந்ததும் விசில். ஒருத்தர் கூடப் போக மாட்டார்கள். நம் ஊரில் உன் கூட்டாளிகள், பஸ் ஓடுவதை எவன்டா உட்கார்ந்து பார்ப்பான் என்று கேலி பண்ணினார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போக முடியாதவர்கள் என்று நீ என்னிடம் சொன்னாய். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற பெண், இடுப்பு உடைந்து கட்டிலில் கிடக்கிற ஒரு வாத்தியார், வெளிநாட்டில் கட்டட வேலையில் இருக்கிற பையன்கள். அவர்களாகவே கேட்பார்கள், என்னை இன்ன இடத்தில் இறக்கிவிடு என்று. உனக்கு எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டாய். "டிப்போ எதுவா இருந்தா உனக்கு இன்னா, பஸ்ஸு வருதா பாரு" என்பாய். அதனால்தான் உன்னைத் தேடி வர அவர்களில் யாருக்கும் வழி தெரியாமல் போனது.

நானும் ஒருநாள் உன் பஸ்ஸில் ஏறினேன், ஞாபகம் இருக்கும். கூழ்ச் சட்டியோடு வந்து ஏணிக்குக் கீழே நின்றேன். செல்வி பக்கத்தில் அவள் போனில் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், எறங்கறியா இல்லியா? எவ்ளோ நேரம்டா நிக்கறது?"

"எம்மா, மெதுவா பேசு, லைவ்ல கீறன்."

"லைவ்ல இருந்தா வவுறு இல்லியா உனக்கு? அதுல கீறவங்கள்லாம் துன்னுட்டுதான வந்திருப்பாங்க? நீ ஒருத்தன்தான் பட்டினி கெடந்து ஓட்டுறியா?"

சொல்லிவிட்டு நான் சட்டியைக் கீழே வைத்து, முந்தானையால் முகம் துடைத்து, ஒரு வாய்த் தண்ணீரும் குடித்துவிட்டேன். அப்புறம்தான் செல்வி கையில் இருந்த போனிலிருந்து யாரோ ஒரு பொம்பளை, "டேய், எறங்கறியா இல்லியா" என்று கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருடி அவ?" என்றேன். "நீதாம்மா" என்று சிரித்துச் சிரித்து செல்வி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நெட்டு மெதுவாகப் போவதால் இங்கே பேசுவது அங்கே போய்ச் சேர முக்கால் நிமிஷம் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் அவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அம்மா ஏறிட்டாங்க, லேடீஸ் சீட்டைக் காலி பண்ணுங்க. அம்மா, கூழுக்குத் தொட்டுக்க என்ன? நான் மேலே பார்த்து, "கருவாடும் மொச்சக்கொட்டையும்" என்று கத்தினேன். நீ தார்ப்பாய்க்குள்ளிருந்து, "எம்மா, மானத்த வாங்காத" என்றாய். ஆனாலும் அன்றைக்கு இறங்கி வந்து ரெண்டு சொம்பு குடித்தாய். அதற்கப்புறம் தினமும் யாராவது அம்மா இன்னிக்கு ஏறலையா என்று கேட்பார்களாம்.

இதுவரைக்கும் நல்லதைச் சொன்னேன். இனிமேல் சொல்வதை எழுதும்போது செல்வி எழுந்து போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சவுதியில் லாரி ஓட்டுகிற ஒருத்தர் இருந்தாரே, சாலவாக்கத்துப் பக்கம் ஊர் என்று சொன்னவர். அவருடைய அம்மா செத்துப்போன சேதி வந்த மறுநாள். முதலாளி விடவில்லை, அவரால் வர முடியவில்லை. மத்தியானம் உன் லைவில் வந்து, தம்பி, என்னை ஏர்போர்ட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் ஊரில் இறக்கிவிடு, எங்கேயும் நிறுத்தாதே, நான் பேச மாட்டேன், நீ மட்டும் பேசிக்கொண்டு வா என்று எழுதினார். நீ ஓட்டினாய். தாம்பரம் தாண்டினாய், சிங்கப்பெருமாள்கோயில் கேட்டில் ரயில் போகிறது என்றாய், செங்கல்பட்டில் ஏரியைக் காட்டினாய். ரோடோரம் கொய்யாப்பழம் விற்கிறவள் வரைக்கும் சொன்னாயாம். அன்றைக்கு என்னவோ படம் ஒரு தடவை கூட நிற்கவில்லை. எங்கிருந்தோ ஆட்கள் வந்து வந்து இருநூறு பேர் பஸ்ஸில் இருந்தார்களாம், ஒருத்தரும் எதுவும் எழுதவில்லையாம். பழையசீவரம் வந்து, பாலாற்றுப் பாலத்தில் திரும்பி, அந்தப் பக்கம் திருமுக்கூடல் கோபுரம் தெரிகிறது என்று நீ சொன்ன நேரத்தில் நான் போன் பண்ணினேன்.

ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு. மண்வெட்டியை எங்கே வைத்தாய் என்று கேட்க. நம் டவரில் போன் வந்தால் நெட்டு அறுந்துவிடும். லைவ் போனது போனதுதான். மறுபடி பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, அதற்குள் அந்த ஆளுக்கு டூட்டி வந்துவிட்டது.

நீ என்னைத் திட்டுவாய் என்று இருந்தேன். திட்டவில்லை. வாசலில் வந்து நின்று, "ஆத்தாவ பறிகொடுத்த ஆளு. நடுப்பாலத்துல எறக்கி வுட்டுட்டேம்மா" என்றாய். அவ்வளவுதான். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. போட்டதைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். மூன்றாம் நாள் நானே வந்து, "இனிமே நீ மேல இருக்கறப்ப போன் பண்ண மாட்டேன்டா. எந்த அவசரமா இருந்தாலும் பண்ண மாட்டேன்" என்றேன். "எந்த அவசரமா இருந்தாலும்னு ஏம்மா சொல்ற, அவசரம்னா பண்ணு" என்றாய். நான் கேட்கவில்லை. எனக்கு வீம்பு. ஒரு மனுஷனை அவன் அம்மாவிடம் போய்ச் சேரவிடாமல் பண்ணிவிட்டேனே என்று மனசுக்குள் ஒரு உறுத்தல். அதற்குத் தண்டனை மாதிரி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நீ அவரை இன்னொரு நாள் கூட்டிப்போய் வாசல் வரைக்கும் விட்டுவிட்டு வந்தாய், அதையும் சொன்னாய். ஆனாலும் நான் என் வார்த்தையை விடவில்லை.

நீ போன அன்றைக்குக் கத்திரி வெயில். அதற்கு முந்தின ரெண்டு நாளும் உனக்குக் காய்ச்சல். வேண்டாம்டா என்றேன். "ரெண்டு நாளா பஸ்ஸு வரல, வாத்தியாரு எட்டு வாட்டி கேட்டுட்டாரு, போயிட்டு சீக்கிரமா வந்துடறேன்" என்று ஏறினாய். கஞ்சி பாதி குடித்தாய், பாதி வைத்தாய். நைனா வழக்கம் போல, "லைசென்சு இல்லாத டிரைவருக்கு லீவே கெடையாதா" என்றார். நீ சிரித்தாய். நான் நூறு நாள் வேலைக்குப் போய் ஏரியில் மண் அள்ளிவிட்டு ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். செல்வி கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி பண்றான் என்றேன். "ஓட்டிகினு கீறாம்மா. இன்னிக்கு கொரலே எழும்பல, காய்ச்சலோட பேசறான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "பஞ்சராம்மா, டீ குடிக்க சொல்லிட்டான்" என்றாள். சரி, இறங்கி வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. போனைக் கையில் எடுத்தேன். உன் பேர் மேல் விரலை வைத்தேன். பஞ்சர் ஒட்டி மறுபடி கிளப்பியிருப்பான், நாம் பண்ணி அறுத்துவிடக் கூடாது என்று கீழே வைத்துவிட்டேன். வைத்துவிட்டுப் படுத்தேன். சொட்டு, அதோடு நிறுத்தினால் பொய். படுத்தவள் தூங்கிவிட்டேன். மண் அள்ளின அலுப்பு. வாசலில் காற்று கூட இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

மூன்று மணிக்குக் கரண்டு வந்ததும் மோட்டார் போட நைனா போனார். தார்ப்பாய்க்கு வெளியே உன் கால் தெரிந்ததாம். தூங்குகிறான் என்று நினைத்து, "டிரைவரே, டிப்போ வந்துடுச்சு, எறங்கு" என்று கூப்பிட்டாராம். அப்புறம் அவர் போட்ட சத்தம்தான் என்னை எழுப்பியது. உன் உடம்பு தொட முடியாத சூடு. தார்ப்பாய்க்குள் கையை விட்டால் அடுப்புக்குள் விட்ட மாதிரி இருந்தது. கீழே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. உன்னை அதில் இறக்கினோம், தலையில் ஊற்றினோம், உத்திரமேரூருக்கு வண்டியில் கொண்டுபோகும்போது வழியெல்லாம் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே போனேன். அந்த டாக்டர் சின்னப் பையன், உன் வயதுதான் இருக்கும். வெயில் தாக்கியது என்றான். முன்னாடியே பார்த்துத் தண்ணீர் ஊற்றியிருந்தால் என்று ஆரம்பித்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவன் முடிக்காத அந்தப் பேச்சை நான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு போன். ஒரு போன் பண்ணி, நீ எடுக்காமல் இருந்திருந்தால், வயக்காட்டுக்கு ஓடி வர எனக்கு அஞ்சு நிமிஷம். எல்லாரும் உன் தப்பு இல்லை என்கிறார்கள். விதி என்கிறார்கள். நான் அவர்களிடம் எதிர்த்துப் பேசுவதில்லை. பாவம், அவர்களுக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே.

திதி கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம், இலையெல்லாம் எடுத்த பிறகு, செல்வி என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஒன்று சொன்னாள். ஒரு வருஷம் அதை உள்ளேயே வைத்திருந்தாள். "எம்மா, அன்னிக்கு நெட்டு நிக்கல" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அண்ணன் பஞ்சர்னு சொன்னப்ப படம் ஓடிகினுதான் இருந்துது. வட்டமே சுத்தல. எல்லாரும் எறங்கி டீ குடிங்கன்னான். அப்பறம் பஸ்ஸு மட்டும் தானா போயி, ரோட்ட வுட்டு எறங்கி, ஒரு மரத்துல முட்டிகினு நின்னுது. கொஞ்ச நேரத்துல லைவே அறுந்துடுச்சி, அவன் போன் சூடாயி அணைஞ்சிருக்கும். நான் அவன் தண்ணி குடிக்க எறங்கிட்டான்னு நெனச்சேம்மா. எல்லாரும் சிரிச்சிகினு இருந்தாங்க, டிரைவர் இல்லாம வண்டி போவுதுன்னு. நானும் சிரிச்சேன்." அப்படியே மாட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளை அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலை சுற்றியிருக்கிறது உனக்கு. நெட்டு நன்றாக இருக்கும்போதே உடம்பு நின்றுவிட்டது. அப்போதும் அவர்களிடம் எனக்கு முடியவில்லை என்று சொல்லாமல், டீ குடிங்க என்றாயே. அவர்கள் பயந்துவிடக் கூடாது என்று சொன்னாயா, பழக்கத்தில் வாயில் வந்ததா, ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாயா, எனக்குத் தெரியவில்லை. நீ எப்போதும் நின்று நின்றுதான் வருவாய். அதனால் நீ நின்றபோது எங்களில் யாருமே பயப்படவில்லை.

உன் கல்யாணத்துக்குச் சொல்லலாம் என்று சில புத்தி வைத்திருந்தேன். வருகிற பெண் சமைத்ததை முதல் வாய்க்கே குறை சொல்லாதே, நைனா மாதிரி கோபத்தில் எழுந்து வெளியே போகாதே, இருந்து பேசு, அந்த மாதிரி. அதெல்லாம் செல்விக்குச் சொல்லிவிட்டேன். அவளுக்குப் புதிதாகவும் ஒன்று சொன்னேன். "உனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருந்தா போன் பண்ணிடு. அவரு மீட்டிங்ல இருந்தாலும் சரி, தூங்கிகினு இருந்தாலும் சரி, கோச்சிக்குவாருன்னு பாக்காத. கோவம் ரெண்டு நாள்ல போயிடும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். எங்கேயோ இருக்கிற ஒருத்தன் உங்களோடு பேசிக்கொண்டே இருந்து பாதியில் நின்றுவிட்டால், அவன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நீங்கள் அவன் சொன்னபடி காத்திருந்தீர்கள். நானும் அதைத்தான் பண்ணினேன்.

போன வாரம் அந்தச் சாலவாக்கத்துக்காரர் எழுதியிருந்ததை செல்வி படித்தாள். வருஷம் முழுக்க எழுதிக்கொண்டிருப்பவர் அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் எப்போதாவது வருகிறார்கள். "தம்பி, அவசரம் இல்லை. உனக்கு அங்கே என்ன கஷ்டமோ. என்னை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டவன் நீ. நெட்டு வரும்போது வா, நான் சீட்டிலேயே இருக்கிறேன்" என்று இருந்தது. ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். அந்த ஆளுக்கு யாரும் உண்மை சொல்லாமல் ஒரு வருஷம் உட்கார வைத்திருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. அவரை ஏற்கனவே ஒரு தடவை நடுவழியில் நிறுத்தியவள் நான். அவருக்குச் சேதி சொல்லாமல் இன்னொரு தடவை பண்ணிக்கொண்டிருக்கிறேன், என் ஆசைக்காக. உன்னைப் பற்றி யாராவது, எப்போது வருவான் என்று கேட்க வேண்டும் என்கிற ஆசை. வேறு யார் கேட்கிறார்கள் சொட்டு? நான் எதிரே வந்தாலே தெருவில் உன் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது பம்பு செட்டுக்குப் பக்கத்தில், வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தத் தளத்துக்கு ஏற நைனா ஏணியை வைப்பதில்லை, எடுத்துப்போய் எங்கேயோ போட்டுவிட்டார். கீழேயும் ஒரு கோடு சிக்னல் இருக்கிறது, போதும், எழுத்துதானே, மெதுவாகப் போய்ச் சேரும் என்கிறாள் செல்வி. நான் சொல்லி அவள் பேப்பரில் எழுதினதை எல்லாம் பார்த்துப் போனில் அடித்து வைத்திருக்கிறாள். ஒரு தடவை முழுக்கப் படித்துக் காட்டினாள், நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. அனுப்பட்டுமாம்மா என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது போய்ச் சேர்ந்துவிட்டால் அழுவார்கள், நல்ல பிள்ளைகள், நாலு நாள் எனக்கு ஆறுதல் எழுதுவார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள், போகத்தான் வேண்டும். இனிமேல் இந்த உலகத்தில் நீ வருவாய் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தர் கூட இருக்க மாட்டார்கள். உனக்குப் பரவாயில்லையா, சொட்டு?